ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டு

ஹார்வுட், பிரிட்டிஷ் கொலம்பியா
16 ஜூன் 1981

அன்புள்ள வீர்ஜிக்கு, தங்கை ஹர்பன்ஸ் எழுதுவது.

சத் ஸ்ரீ அகால். வாஹேகுரு அருளால் நான், அவர், குட்டி நிம்மோ மூவரும் நலம். நீங்களும் அண்ணி நசீப் பாபியும் நலமா? உங்கள் முழங்கால் இப்போது பழத்தோட்டத்தில் ஏணி ஏற விடுகிறதா?

இங்கே ஸ்ட்ராபெரி பறிப்பு தொடங்கிவிட்டது. அவர் வழக்கம்போல மர ஆலைக்குப் போகிறார். நான் வயலுக்குப் போகிறேன். எங்கள் வண்டியில் வருகிற பெண்கள் எல்லாரும் நம் ஊர்ப்பக்கத்துக்காரிகள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாதவர்கள் வயலுக்கே தூக்கி வருகிறார்கள். பாத்திக்குப் பாத்தி ஒரு குழந்தை, வாயெல்லாம் சிவப்பாக உட்கார்ந்திருக்கும்.

புதன்கிழமை அதில் ஒரு குழந்தை பாசனக் கால்வாயில் விழுந்துவிட்டது. பியாரோ அக்கா பூட்ஸ் காலோடு குதித்து இழுத்துப் போட்டாள். பியாரோ யாரென்று நினைவிருக்கிறதா? என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரைக் கிண்டல் செய்து பாடி அழவிட்டவள். குழந்தை குடித்த தண்ணீரை எல்லாம் கக்கிவிட்டு, அடுத்த நிமிடமே ஸ்ட்ராபெரி கேட்டது. நாங்கள் சிரித்தோம், அழுதோம், எது எப்போது என்று தெரியவில்லை.

ஞாயிறன்று குருத்வாராவில் பெண்கள் சேர்ந்து ஒன்று கேட்டோம். கீழ்த்தளத்தில் அடுப்படி போக மீதி சும்மாதானே கிடக்கிறது, பறிப்புக் காலத்தில் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போகிறோம், முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்றோம். தலைவர் பக்‌ஷீஷ் சிங், "பார்ப்போம், பார்ப்போம்" என்றார். கீழ்த்தளத்தில் புதுக் குவிமாடத்துக்கு வாங்கிய பளிங்குப் பலகைகள் இருக்கின்றனவாம். செயலாளர் ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார். செயலாளர் யாரென்றுதான் உங்களுக்குத் தெரியுமே. இரவு அவருக்குப் பருப்பில் உப்புப் போடவில்லை.

பாபிக்கு என் அன்பு.

ஹர்பன்ஸ்


பட்டர் க்ரீக், கலிபோர்னியா
25 ஜூன் 1981

என் செல்லத் தங்கை பன்ஸோவுக்கு, உன் வீர்ஜி ஜாகீர் சிங்கின் ஆசிகள்.

நாங்கள் நலம். முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை, இந்த வீட்டில் வேறு யார்தான் கேட்கிறார்கள்?

உன் கடிதம் படித்தேன். நானும் இங்கே குருத்வாரா கமிட்டித் தலைவன் என்பதால் தொழில் ரகசியம் ஒன்று சொல்கிறேன். கமிட்டிக்காரன் "பார்ப்போம்" என்றால் பார்க்க மாட்டான். இரண்டு தடவை "பார்ப்போம்" என்றால் கண்ணையே மூடிக்கொண்டான் என்று அர்த்தம். ஆகையால் வீணாக மல்லுக்கு நிற்காதே. மாப்பிள்ளை கேஹர் நல்ல மனிதன். ஆலையில் உழைத்துவிட்டு வந்து குருத்வாராவுக்குச் சேவை செய்கிறான். வீட்டிலும் எதிர்க்கட்சி வைத்தால் அவன் எங்கே போவான்? உப்புப் போடு.

விழுந்தது யார் வீட்டுக் குழந்தை? அதை எழுதவில்லையே. நிம்மோ இப்போது என்ன பேசுகிறாள்? ஒவ்வொரு கடிதத்திலும் அவள் புராணம் ஒரு பக்கம் இருக்கும். இந்தத் தடவை நலம் என்பதோடு சரி. நசீப்தான் கவனித்துச் சொன்னாள்.

ஜாகீர் சிங்


ஹார்வுட்
8 ஜூலை 1981

அன்புள்ள வீர்ஜிக்கு,

சத் ஸ்ரீ அகால். எல்லாரும் நலம், நலமே வேண்டுகிறேன். நிம்மோ ஒரே ஒரு சொல்தான் பேசுகிறாள்: "மாட்டேன்." சோற்றுக்கு, குளிக்க, தூங்க எல்லாவற்றுக்கும் அதுவே பதில். போன வாரம் அதே சொல்லை நாங்களும் கற்றுக்கொண்டோம்.

நடந்தது இதுதான். கமிட்டிக் கூட்டத்துக்கு நானும் பியாரோவும் இன்னும் சிலரும் நேரே போய் நின்றோம். பக்‌ஷீஷ் சிங் மரியாதையாகத்தான் பேசினார். "தங்கச்சிங்களா, இது உறுப்பினர் கூட்டம். விதிப்படி ஒரு வீட்டுக்கு ஒரு உறுப்பினர், ஒரு ஓட்டு. உங்க வீட்டு ஓட்டு இங்கதான் உட்கார்ந்திருக்கு. சொல்ல வேண்டியத வீட்டுல சொல்லி அனுப்புங்க."

பியாரோ கேட்டாள்: "என் வீட்டுக்காரர் செத்து ஏழு வருஷம் ஆச்சு. நான் யார்கிட்ட சொல்லி அனுப்புறது?"

நான் சொன்னேன்: "குரு முன்னால எல்லாரும் ஒரே தரையிலதான் உட்காருறோம். ஓட்டு மட்டும் எப்படி நாற்காலியில ஏறுச்சு?" அதற்கு ஒருவர், "குருத்வாராவுல வயல் யூனியன் அரசியலக் கொண்டு வராதீங்க" என்றார். செயலாளர் என்னைப் பார்க்கவே இல்லை.

திரும்பி வரும்போது பியாரோவின் வண்டியிலேயே முடிவு செய்துவிட்டோம். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிற எல்லாருக்கும் போடும் லங்கர் சோற்றைச் சமைக்க நாங்கள் அடுப்படிக்குள் போக மாட்டோம். மேலே கூடத்தில் உட்கார்ந்து கீர்த்தனை கேட்கப்போகிறோம். நான் இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு ஞாயிறுகூடக் கீர்த்தனையை முழுதாகக் கேட்டதில்லை, வீர்ஜி. சப்பாத்தி சுடும் சத்தத்துக்கு இடையில் காதில் விழுந்ததுதான்.

ஹர்பன்ஸ்


பட்டர் க்ரீக்
17 ஜூலை 1981

பன்ஸோ,

நலம். பீச் பழுத்துவிட்டது, எழுத நேரமில்லை, ஆனாலும் பேனாவை எடுக்க வைத்துவிட்டாய்.

லங்கரை நிறுத்துவதா? புத்தி கெட்டுவிட்டதா உனக்கு? பசித்து வருகிறவனுக்குச் சோறில்லை என்று குருவின் வாசலில் சொன்னால் அது பாவம். உரிமை, ஓட்டு எல்லாம் சரி. சோற்றில் கை வைக்காதே. கேஹரின் நிலையை நினைத்துப் பார்த்தாயா? அவன் மனைவியே முன்னால் நின்றால் நாளைக்கு அவன் எப்படிக் கமிட்டியில் தலை நிமிர்வான்? இது அண்ணனாகச் சொல்வது. கமிட்டித் தலைவனாகச் சொல்வது இதைவிடக் காரமாக இருக்கும்.

நசீப் உன் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் போனாள். இன்னும் திருப்பித் தரவில்லை.

குழந்தை யாருடையது என்று இப்போதும் எழுதவில்லை.

ஜாகீர் சிங்


ஹார்வுட்
28 ஜூலை 1981

அன்புள்ள வீர்ஜிக்கு,

சத் ஸ்ரீ அகால். கோபம் தணிந்து நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் நலம்.

லங்கர் நிற்கவில்லை, பதற வேண்டாம். நாங்கள் சமைக்க மாட்டோம் என்றோமே தவிர யாரும் சமைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அடுப்பு அங்கேயே இருக்கிறது. மாவு மூட்டையும் இருக்கிறது. ஆண்களுக்கும் ஆளுக்கு இரண்டு கை இருக்கிறது.

முதல் ஞாயிறு நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! கூடத்தில் இந்தப் பக்கம் நாங்கள் முழுக்க உட்கார்ந்துவிட்டோம். அந்தப் பக்கம் ஆண்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். கீழே இருந்து முதலில் பாத்திரம் விழும் சத்தம். அப்புறம் கருகல் வாசனை. புனித நூல் ஓதும் கிரந்தி பாடுவதை நிறுத்தாமல் மூக்கை மட்டும் துடைத்துக்கொண்டார்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். ஆலையில் மரம் அறுக்கும் தர்பாரா சிங் ரொட்டி பரிமாறினார். பியாரோ அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "இது என்ன தம்பி, கனடா வரைபடமா?"

"சாப்பிடுங்கக்கா. அடுத்த வாரம் வட்டமா வரும்."

"அவசரமில்ல. எனக்கு வான்கூவர் பக்கம் கொஞ்சம் பிச்சுக் குடு."

எங்கள் தலைவர்கூடச் சிரித்துவிட்டார். பருப்பில் உப்பு இரண்டு பங்கு. ஒருவரும் பசியோடு போகவில்லை, அது சத்தியம். குருவின் சோற்றில் நாங்கள் கை வைக்கவில்லை, அதில் வேறு கைகளையும் வைக்கச் செய்தோம், அவ்வளவுதான்.

அவர் என்னோடு பேசுவதில்லை. "தண்ணி", "சாவி", "போறேன்". இந்த மூன்றோடு வாரம் ஓடுகிறது. ஆனாலும் நிம்மோவைத் தோளில் வைத்துக்கொண்டு தோட்டத்தில் சுற்றுவதை நிறுத்தவில்லை. ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது ஏதோ சொல்லிவிட வேண்டும் போலிருக்கும். அப்புறம் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன்.

பதில் எழுதுங்கள்.

ஹர்பன்ஸ்


பட்டர் க்ரீக்
20 ஆகஸ்டு 1981

அன்பு நாத்தனார் ஹர்பன்ஸுக்கு, நசீப் கௌர் எழுதுவது.

நாங்கள் நலம். உங்கள் அண்ணன் ஏன் எழுதவில்லை என்று கவலைப்பட்டிருப்பீர்கள். பீச் மரத்து ஏணியிலிருந்து சறுக்கி விரலில் அடி, பேனா பிடிக்க முடியவில்லை என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். இனி உண்மையை எழுதுகிறேன்.

அடி இல்லை. சூடு. லங்கர் அடுப்பின் பெரிய ரொட்டிக்கல்லில் ரொட்டியைத் திருப்பப் போய் மூன்று விரலைச் சுட்டுக்கொண்டார்.

உங்கள் கடிதத்தை ஞாயிறன்று நான் இங்குள்ள பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன். கனடா வரைபடம் வந்தபோது இரண்டு பேருக்கு விக்கல் எடுத்துவிட்டது. அடுத்த ஞாயிறு நாங்களும் மேலே போய் உட்கார்ந்துவிட்டோம். இங்கேயும் அதே விதிதானே, ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டு. உங்கள் அண்ணன் படியில் நின்று, "நசீப், வீட்டுல பேசிக்கலாம் வா" என்றார். "வீட்டுல நீங்க கமிட்டித் தலைவர் இல்லையே, அங்க பேசி என்ன பிரயோஜனம்?" என்றேன். அவருக்கு வந்த கோபத்தில் நேரே அடுப்படிக்குப் போய் மாவைக் குத்து குத்தென்று குத்தினார். நல்ல மிருதுவான ரொட்டி, பொய் சொல்லக் கூடாது.

இன்னொன்று கேட்க வேண்டும். உங்கள் வீட்டில் தொலைபேசி கூடத்தில் இருக்கிறது, பேசினால் எல்லாருக்கும் கேட்கும். அதனால் எழுதுகிறேன். கால்வாயில் விழுந்தது நிம்மோதானே? உங்கள் அண்ணனிடம் இதுவரை சொல்லவில்லை.

உங்கள் நசீப்


ஹார்வுட்
2 செப்டம்பர் 1981

அன்புள்ள பாபிக்கு,

சத் ஸ்ரீ அகால். எல்லாரும் நலம் என்ற வழக்கமான வரியை எழுதப் பேனா வரவில்லை. ஆனாலும் நலம்தான்.

ஆமாம். நிம்மோதான்.

கூடை நிரம்பியதும் வண்டிப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். அவ்வளவு நேரம்தான். அவள் தொப்பி கரையில் கிடந்தது. நான் கத்துவதற்குள் பியாரோ தண்ணீருக்குள் இருந்தாள்.

அவரிடம் சொல்லவில்லை. வண்டியில் இருந்த எல்லாரிடமும், ஒருவரும் மூச்சு விடக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். பெண்கள் வாயில் எதுவும் தங்காது என்று எங்கள் தலைவர் அடிக்கடி சொல்வார். கோடை முழுக்கத் தங்கியிருக்கிறது.

சொல்லியிருந்தால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். "வயலுக்குப் போகாதே, வீட்டில் இரு." என் பிள்ளை பத்திரமாகிவிடும். அடுத்த பாத்திக்காரியின் பிள்ளை? எனக்கும் வீட்டில் இருக்க விருப்பமில்லை, பாபி. இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம் சுவரோடு பேசிக்கொண்டிருந்தேன். வயலுக்குப் போன பிறகுதான் சிரிக்க ஆட்கள் கிடைத்தார்கள்.

இதெல்லாம் நல்ல காரணங்கள். இன்னொன்றும் இருக்கிறது. அவர் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடுமோ என்று பயம்.

உங்கள் ஊர்ச் செய்தியைப் படித்து இந்தப் பயத்துக்கு நடுவிலும் வாய்விட்டுச் சிரித்தேன். அண்ணன் விரலுக்கு வெண்ணெய் தடவுங்கள்.

ஹர்பன்ஸ்


பட்டர் க்ரீக்
12 செப்டம்பர் 1981

என் பன்ஸோவுக்கு,

விரல் ஆறிவிட்டது. ஏணி விஷயத்தை நசீப் போட்டு உடைத்துவிட்டாள் என்று தெரியும், அதனால் அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

நிம்மோ விஷயத்தையும் சொன்னாள். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பழத்தோட்டத்துக்குள் போய்விட்டேன். வெகுநேரம் வரவில்லை. நான் உனக்கு எழுதியதையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். உப்புப் போடு, மல்லுக்கு நிற்காதே. நீ தண்ணீரிலிருந்து பிள்ளையை எடுத்துக்கொண்டு வந்து நின்றபோது உன் அண்ணன் சொன்ன புத்திமதி இது.

இப்போது ஒன்றே ஒன்று சொல்கிறேன், கேட்பதும் கேளாததும் உன் இஷ்டம். உங்கள் குருத்வாராவின் வருடாந்தரப் பொதுக்கூட்டத்துக்கு முன்னால் கேஹரிடம் சொல்லிவிடு. நாலு பேர் முன்னால் அவன் தெரிந்துகொள்ள வேண்டாம். அவளுக்கு அவனும் அப்பன்தான். கோபப்பட்டால் படட்டும். கோபப்படுகிறவர்கள் மாவு நன்றாகப் பிசைகிறார்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

ஜாகீர் சிங்


ஹார்வுட்
6 அக்டோபர் 1981

அன்புள்ள வீர்ஜிக்கும் பாபிக்கும்,

சத் ஸ்ரீ அகால். நலம், நலம், நலம்! மூன்று தடவை எழுதினாலும் போதவில்லை.

பொதுக்கூட்டம் போன ஞாயிறு. சனிக்கிழமை காலை தேநீர் குடிக்கும்போது அவரிடம் சொல்லிவிட்டேன். தொப்பி, கால்வாய், பியாரோ எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். நிம்மோவைப் பார்த்தார். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மத்தியானம் திரும்பி வந்தபோது அவர் கால்சட்டை இடுப்புவரை நனைந்து சேறாக இருந்தது. மறுநாள் குருத்வாராவுக்குத் தனித்தனியாகத்தான் போனோம்.

கூட்டத்தில் குவிமாடத்தைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். பிறகு பியாரோ எழுந்தாள். பக்‌ஷீஷ் சிங், "உறுப்பினர் இல்லாதவங்க பேச முடியாதுக்கா" என்றார். பியாரோ உட்காரவும் இல்லை, பேசவும் இல்லை. அவளுக்குப் பக்கத்தில் நான் எழுந்தேன். பின்னால் எல்லாப் பெண்களும் எழுந்து நின்றார்கள்.

செயலாளர் மேஜைப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர்தான்.

"நான் நேத்து அந்தக் கால்வாய்க்குப் போனேன்" என்றார். மைக்கில்கூட இல்லை. "உள்ள இறங்கி நின்னு பார்த்தேன். தண்ணி என் இடுப்பு வரைக்கும் வருது. என் பொண்ணு என் முட்டி உயரம். ஜூன் மாசம் அதுல விழுந்தது அவதான்." தலைப்பாகையைச் சரிசெய்வது போலக் கையை மேலே கொண்டுபோய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த ஞாயித்துக்கிழமையே கீழ்த்தளம் கேட்டு வந்தாங்க. நான் குறிப்புல எழுதுனேன், 'பெண்கள் கோரிக்கை, பிறகு பார்க்கலாம்'னு. இனிமே என் வீட்டு ஓட்ட என் பொண்டாட்டி போடுவா."

"அப்படி விதியில இல்லையே கேஹர் சிங்!"

"வீட்டுக்கு ஒரு ஓட்டுன்னுதான் இருக்கு. யார் போடணும்னு இல்ல. அந்த விதிய எழுதுனவனே நான்தான் தலைவரே."

அவர் வந்து கூடத்தின் எங்கள் பக்கத்தில், என் அருகில் தரையில் உட்கார்ந்தார். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. "உட்காரு, கால் வலிக்கப் போகுது" என்றார். "தண்ணி, சாவி, போறேன்" தவிர அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. தர்பாரா சிங் எழுந்து, "என் வீட்டு ஓட்டையும் குடுத்துடறேன், இந்தப் பூரிக்கட்டைய மட்டும் திருப்பி வாங்கிக்கோங்க தாயே!" என்று கும்பிட்டார்.

"ஓட்ட வாங்கிக்கிறோம் தம்பி, கட்டை உன்கிட்டயே இருக்கட்டும்" என்றாள் பியாரோ. "மாத்தி மாத்தி உருட்டலாம். நீ இப்பதான் வட்டத்துக்கு வந்திருக்க, விட்டா மறந்துடும்."

எல்லா ஆண்களும் ஓட்டைத் தரவில்லை. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார்கள். ஆனாலும் கை தூக்கியபோது எங்கள் பக்கம் அதிகமாக இருந்தது. பியாரோ அவள் வீட்டுக்கு அவளே உறுப்பினர். எல்லாப் பெண்களுக்கும் சொந்த ஓட்டு என்று விதியை மாற்ற ஒரு குழு போட்டிருக்கிறார்கள். கீழ்த்தளம் பிள்ளைகளுக்கு. பக்‌ஷீஷ் சிங் சட்டைக் கையை மடித்துவிட்டு, "சரி, வாங்கப்பா, பளிங்க மேல தூக்குவோம். குவிமாடம் எங்கயும் ஓடிப் போயிடாது, பிள்ளைங்கதான் ஓடும்" என்று முதல் பலகையில் அவரே கை வைத்தார்.

வீட்டுக்கு ஒரே வண்டியில் திரும்பினோம்.

ஹர்பன்ஸ்


பட்டர் க்ரீக்
17 அக்டோபர் 1981

பன்ஸோவுக்கும் மாப்பிள்ளை கேஹருக்கும் ஆசிகள்.

உன் கடிதத்தை இந்தத் தடவை நானே குருத்வாராவில் வாசித்தேன், பாதிக்கு மேல் முடியவில்லை, நசீப் வாங்கி முடித்தாள். அன்றே கூட்டம் போட்டு இங்கேயும் விதியை மாற்றிவிட்டோம். புதுக் கமிட்டித் தேர்தலில் தலைவர் பதவிக்கு நான் மறுபடி நின்றேன். நசீப் கௌர் என்ற வேட்பாளர் என்னைத் தோற்கடித்தார். நல்ல நிர்வாகி என்று கேள்வி. கீழ்த்தளம் கேட்டு மனுக் கொடுத்திருக்கிறேன், "பார்ப்போம்" என்கிறார்.

குருநானக் பிறந்தநாளுக்கு இருவரும் காரிலேயே வருகிறோம். கேஹரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்.

ஜாகீர் சிங்


ஹார்வுட்
30 அக்டோபர் 1981

அன்புள்ள வீர்ஜிக்கும் தலைவர் பாபிக்கும்,

சத் ஸ்ரீ அகால். நாங்கள் நலம். வருகிற வழியில் பனி இருக்கும், கம்பளி எடுத்து வாருங்கள்.

திங்கட்கிழமை கீழ்த்தளத்தைத் திறந்தோம். முதல் நாள் பார்த்துக்கொள்ள அவர் ஆலையில் விடுப்பு எடுத்திருந்தார். நான் நிம்மோவை இறக்கிவிட்டபோது அவர் முதுகில் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். நிம்மோ அழுவாள் என்று நினைத்தேன். "போம்மா" என்றாள். புதுச் சொல்!

இப்போது முட்டைக்கோஸ் வெட்டுகிறோம். அன்று ஒவ்வொரு பாத்தி முடிவிலும் என் தலை தானாக நிமிர்ந்து கால்வாய்ப் பக்கம் பார்த்தது. அங்கே யாருமில்லை. மறுபடி குனிவேன், மறுபடி நிமிர்வேன். பக்கத்துப் பாத்தியிலிருந்து பியாரோ, "அங்க என்னடி தேடுற? தண்ணியும் காக்காயும்தான் இருக்கு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப்பேர் அதே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான்.

சாப்பாட்டு வேளைக்குப் பிறகு யாரோ பாட்டு எடுத்தார்கள். நானும் சேர்ந்து பாடினேன். சாயங்காலம் வண்டி வந்து ஒலி எழுப்பியபோதுதான் தெரிந்தது, வெகுநேரமாக நான் நிமிரவே இல்லை.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
ஹர்பன்ஸ், கேஹர், நிம்மோ